அத்தையின் ஊமைக் கட்டை

எனக்குத் தெரிந்து சங்கரன்கோவிலில் பியானோ வாசித்து ஊரைக் கூட்டியவர்கள் இரண்டு பேர்தான். ஒருவர் மெட்ராஸ்காரர், அதையே தொழிலாக வைத்திருந்தவர். இன்னொருவர் எங்கள் அத்தை, அப்பாவின் தங்கை. பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுத்த நேரம் போக மீதி நேரத்தில் வாசித்தவள். இந்த இரண்டு பேரும் ஒரே பியானோவில் மோதிக்கொண்டார்கள். அது விளைச்சலுக்கு நன்றி சொல்கிற ஒரு ஸ்தோத்திரப் பண்டிகையின்போது, எனக்கு ஒன்பது வயதில்.

கோமதியம்மனுக்குத் தபசு நடக்கிற ஊரில் பியானோவுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். எங்கள் சர்ச்சுத் தெரு ஊரின் ஒரு ஓரத்தில் இருந்தது. அங்கே பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் நடத்திய வெள்ளைக்காரத் துரைசானி, நாட்டுக்குச் சுதந்திரம் வந்ததும் கப்பலேறிவிட்டார். பியானோவைத் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை. அதைச் சர்ச்சுக்கென்று விட்டுவிட்டு, மூடியின் சாவியை அத்தையின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். துரைசானி வாசிக்கும்போதெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்தே அத்தை விரல் போடப் பழகியிருந்தாள். சுரம் எழுதிய நோட்டு வாசிக்கத் தெரியாது. துரைசானி போன அடுத்த ஞாயிற்றுக்கிழமை, யார் வாசிப்பது என்று பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது, அத்தை எழுந்துபோய் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் நியமனம் அப்படித்தான் நடந்தது.

எங்கள் குடும்பத்தில் அடக்கம் என்கிற சரக்கு கொஞ்சம் குறைச்சல்தான். அத்தையிடம் அறவே கிடையாது. அவளைப் பெண் பார்க்க ஒரு வாத்தியார் மாப்பிள்ளை வந்தார். அவர்கள் "பொண்ணு பாடுமா?" என்று வாயெடுப்பதற்குள் இவள் முந்திக்கொண்டு, "உங்க ஊர்ச் சர்ச்சுல பியானோ இருக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றார்கள். காப்பியைக் குடித்தார்கள், எழுந்து போனார்கள். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அடுத்து வந்த மாப்பிள்ளைக்கும் இதே கேள்வி, இதே காப்பி.

அந்தப் பியானோவில் ஒரு குறை இருந்தது. நட்டநடுவில், வலது கை அடிக்கடி போய்த் தொடுகிற இடத்தில், ஒரு வெள்ளைக் கட்டை ஊமை. அழுத்தினால் மரத்தில் தட்டியதுபோல ஒரு சத்தம் வரும், சுரம் வராது. துரைசானி போன வருஷத்து அடைமழையில் அது வாயை மூடிக்கொண்டது. பழக்கிவைத்த விரல்களை வேறு இடத்துக்கு மாற்றி வைத்து வாசிக்க அத்தைக்குத் தெரியாது. ஆகையால் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். அந்தக் கட்டை வரவேண்டிய இடத்தில் அதற்கு மேலே இருக்கிற கட்டைக்குத் தாவி, அங்கே ஒரு சுற்றுச் சுற்றி, இறங்கி வருவாள். பண்டிகையன்று முதலில் பாடுகிற பாட்டில், மூன்றாவது அடியில், அந்த இடம் வரும். அவள் தாவினால் சபையும் தாவும், அவள் சுற்றினால் சபையும் சுற்றும். எங்கள் சபை வாய்க்குள் முணுமுணுக்கிற சபை இல்லை. கூரை ஓடு கிடுகிடுக்கப் பாடுகிற சபை. சில வருஷத்திலேயே அந்தச் சுற்று இல்லாமல் பாட்டே இல்லை என்றாகிவிட்டது. பக்கத்து ஊரான கரிவலத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருகிறவர்கள்கூட அதைக் கற்றுக்கொண்டுபோய் அங்கே பாடினார்கள். பாட்டு பிறந்ததே அப்படித்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இதில் வேடிக்கை, அத்தையும் அப்படித்தான் நினைக்க ஆரம்பித்திருந்தாள்.

அந்த வருஷம் எங்கள் சபைக்குப் புது ஐயர் வந்தார். பாதிரியாரை எங்கள் பக்கத்தில் ஐயர் என்றுதான் சொல்வோம். இவர் பெரிய படிப்புப் படித்தவர், நோட்டும் வாசிக்கத் தெரிந்தவர். முதல் ஞாயிற்றுக்கிழமையே அத்தை சுற்றிய சுற்றில் அவர் புருவம் மேலே போனதை நான் பார்த்தேன். பண்டிகைக்கு ஒரு மாதம் இருக்கும்போது வீட்டுக்கு வந்து அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னார். அவரோடு படித்த சிநேகிதர் ஒருவர் மெட்ராஸில் பெரிய ஓட்டல்களிலும் சினிமா ஸ்டூடியோக்களிலும் பியானோ வாசிக்கிறாராம். பண்டிகைக்கு அவர் வருகிறாராம். சனிக்கிழமை சாயங்காலம் ஊர் மக்களுக்கு ஒரு கச்சேரி, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாட்டுக்கு வாசிப்பு.

"அது நல்லபடியா நடந்துட்டா, பொறவு நோட்டுத் தெரிஞ்ச ஆள் ஒருத்தரையே நிரந்தரமா வச்சுக்கிடலாம்னு கமிட்டியில நெனக்காங்க" என்றார்.

அத்தை உள்ளேயிருந்து வந்து பியானோ சாவியை அவர் முன்னால் மேஜைமேல் வைத்தாள். "இதக் கேக்கத்தான வந்திய? எடுத்துக்கிடுங்க ஐயா" என்றாள். சத்தம் துளி பிசகவில்லை. ஆனால் அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

வீட்டில் அவள் கல்யாணமாகாத நாத்தனார். பள்ளிக்கூடத்தில் அரை வாத்தியார். அந்த ஸ்டூலில் உட்கார்ந்தால்தான் ஊரே வாயைத் திறக்காமல் அவள் விரலுக்குக் காத்திருக்கும். அது போனால் அவளுக்கு வேறு என்ன இருக்கிறது? இந்த அளவு எனக்கே புரிந்தது. ஆகவே நான் ஆண்டவரிடம் தினமும் ஜெபித்தேன். மெட்ராஸ்காரருக்கு நல்ல சுகத்தைக் கொடும், ஆனால் சனி ஞாயிறு இரண்டு நாளும் வயிற்றாலே போகட்டும் என்று.

ஆண்டவர் கேட்கவில்லை. மனிதர் வெள்ளைக் கால்சட்டையும் தொப்பியுமாக, சிரித்த முகத்தோடு ரயிலிலிருந்து இறங்கினார். சனிக்கிழமை காலையில் சர்ச்சுக்கு வந்ததும் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பியானோவின் முன்பலகையைத் திறந்தார். ஊமைக் கட்டைக்கு உரிய சின்ன மரச் சுத்தியல் உள்ளே தலையறுந்து கிடந்தது. ஆசாரி வீட்டிலிருந்து வச்சிரப் பசை வாங்கிவரச் சொல்லி, அதை ஒட்டி, நூலால் கட்டி, மத்தியானம்வரை காயவைத்தார். பிறகு விரலால் தொட்டார். அத்தனை வருஷமாகப் பேசாத கட்டை கணீரென்று பேசியது. "சிஸ்டர், வந்து பாருங்க" என்று வாசலில் நின்ற அத்தையைக் கூப்பிட்டார். அத்தை அங்கேயே நின்றாள்.

சாயங்காலக் கச்சேரிக்கு ஊர் திரண்டுவிட்டது. அம்மன் கோயில் வாசல் பூக்கடைக்காரர் வந்திருந்தார். தறியை நிறுத்திவிட்டு நெசவுக்காரர்கள் வந்திருந்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் குடும்பத்தோடு முன்வரிசையைப் பிடித்திருந்தார். மெட்ராஸ்காரர் வாசித்ததைப் பற்றி நான் நல்லதாக ஒரு வார்த்தை சொல்வதாக இல்லை. ஆனால் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. அப்பப்பா, அது என்ன கை! இடது கை ஒரு பக்கம் தன்பாட்டுக்கு ஓட, வலது கை இன்னொரு பக்கம் சிரித்து விளையாடியது. எங்கள் பியானோவுக்குள் இத்தனை சத்தம் இருந்ததே எங்களுக்குத் தெரியாது. பூக்கடைக்காரர் "ஏ யப்பா!" என்று வாய்விட்டே சொன்னார். நான் கைதட்டக் கூடாதென்று இரண்டு கையையும் பாவாடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். அத்தை தூணோரம் கண் இமைக்காமல் நின்றாள். பயந்துவிட்டாள், பாவம் என்று நினைத்தேன்.

கூட்டம் கலைந்ததும் அவள் என்னை முற்றத்தில் நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். உள்ளேயிருந்து அந்த ஒரு கட்டையின் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் பண்டிகைப் பாட்டின் மூன்றாவது அடி, தாவலும் சுற்றும் இல்லாமல், நேராக. மறுபடியும் நேராக. எனக்கு அது உப்பில்லாத சோறு மாதிரி இருந்தது. வெளியே வந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் நிரம்பி வழிந்தது. பீடத்துக்கு முன்னால் சோளக்கதிரும் பூசணியும் கருப்பட்டியும் குவிந்து கிடந்தன. அத்தை பெண்கள் பக்கத்தில், அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். மெட்ராஸ்காரர் தொடங்கினார், சபை எழுந்து நின்று பாடியது. முதல் அடி ஜோர். இரண்டாவது அடியும் ஜோர். மூன்றாவது அடியில் பியானோ நேராகப் போயிற்று, சபை மேலே தாவிவிட்டது.

அந்த அமளியை என்னவென்று சொல்ல! பியானோ ஒரு பக்கம், ஜனம் ஒரு பக்கம். மனிதர் நிறுத்தி, நோட்டை உற்றுப் பார்த்து, மறுபடி தொடங்கினார். மறுபடியும் அதே இடத்தில் அதே முட்டல். எங்கள் ஜனம் விட்டுக்கொடுக்கிற ஜனமா? இரண்டாவது தடவை இன்னும் பலமாகச் சுற்றினார்கள். ஐயருக்கு முகம் சிவந்துவிட்டது. அப்போது முன்வரிசையில் இருந்த கமிட்டிப் பெரியவர் ஒருவர் எழுந்து, மிகுந்த இரக்கத்தோடு சொன்னார்:

"தம்பி, நல்லாத்தான் வாசிக்கிய. ஆனா ராகம் தப்பிப் போகுதே."

மெட்ராஸ்காரர் ஐயரைப் பார்த்தார். ஐயர் கூரையைப் பார்த்தார். சபை முழுவதும் தலையைத் திருப்பி அத்தையைப் பார்த்தது. மெட்ராஸ்காரர் அந்தப் பார்வைகளைப் பிடித்துக்கொண்டே வந்து அத்தையிடம் நின்று, "சிஸ்டர், நீங்க வாங்க. இவங்க உங்க கைக்குத்தான் பாடுவாங்க" என்று சொல்லி ஸ்டூலைக் காட்டினார். அவர் முகத்தில் கோபமே இல்லை. அதுவே எனக்கு ஆத்திரமாக இருந்தது.

அத்தை போய் உட்கார்ந்தாள். முதல் அடி, இரண்டாவது அடி. மூன்றாவது அடியில் அவள் விரல் அந்த வெள்ளைக் கட்டைக்கு மேலே வந்து ஒரு கணம் நின்றது. இப்போது அது ஊமையில்லை, அழுத்தினால் பேசும். விரல் அதை விட்டுத் தாவி மேலே ஏறியது. சபை ஏறியது, சுற்றியது, இறங்கியது. அன்றைக்குப் பாடின மாதிரி எங்கள் சபை அதற்கு முன்னாலும் பாடவில்லை, பின்னாலும் பாடவில்லை. நான் பெஞ்சின்மேல் ஏறி நின்று பாடினேன். அம்மா என் காலைக் கிள்ளினாள், அப்போதும் நான் இறங்கவில்லை.

ஆராதனை முடிந்ததும் மரத்தடியில் அசனம். ஊரே வரிசையாக உட்கார்ந்து, இலையில் சோறும் கறிக்குழம்பும் சாப்பிடுகிற விருந்து அது. ஐயர் பெரிய மனிதர்தான். எல்லாருக்கும் முன்னால் சாவியை அத்தையிடமே திருப்பிக் கொடுத்து, "இந்த ஸ்டூல் உங்களுக்குத்தான்மா, இனி யாரும் கேக்க மாட்டாங்க" என்றார். நான் கறித்துண்டை வாயில் வைத்துக்கொண்டே மெட்ராஸ்காரரைப் பார்த்தேன், எப்படி என்கிற மாதிரி. அவர் என்னைக் கவனிக்கவே இல்லை. அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். அவர் மனைவி மெட்ராஸில் பெண்களுக்குப் பியானோ கற்றுக்கொடுக்கிறாராம். அத்தை அவர்கள் வீட்டிலேயே தங்கிப் படிக்கலாமாம். பாட்டுத் தப்பினாலும் தாளம் தப்பாத இப்படிப்பட்ட காதை வீணாக்கக் கூடாதாம். வாசித்துத் தோற்றவரின் பேச்சைப் பாரேன் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

அப்பா மரியாதையாகத்தான் மறுத்தார். ஆனால் எதிரில் பரிமாறிக்கொண்டிருந்த அத்தை வாளியைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, நான் போறேன்."

"ஏட்டி, கோட்டி கீட்டி புடிச்சிருக்கா ஒனக்கு? இப்பதான ஊரே எந்திரிச்சு நின்னு நீதான்னு சொல்லிருக்கு?"

"ஊரு சொல்லும்ண்ணே. நான் தப்பா வாசிச்சேன், ஊரும் எங்கூடச் சேந்து தப்பாப் பாடுது. அம்புட்டுப் பிரியம். இங்கனயே இருந்தா நான் என்னத்த வாசிச்சாலும் சரிம்பாங்க. பொறவு நான் எப்பத்தான் படிக்க?"

கையைக் கழுவப் போன அப்பா வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு ஒரு வாரம் வீட்டில் ஒரே சண்டை. கடைசியில் பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கியது அம்மாதான். "போயிட்டு வரட்டும். இங்கன இருந்தா வாற மாப்பிள்ளையெல்லாம் வெரட்டத்தான் போறா" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ரயிலடியில் நான் அத்தையின் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஜெயித்தவள் எதற்காக ஊரை விட்டுப் போகவேண்டும்? தோற்றவரல்லவா போகவேண்டும்? "நீதான அத்தை ஜெயிச்ச?" என்று திரும்பத் திரும்பக் கேட்டேன்.

"ஆமாட்டி, ஜெயிச்சுட்டேன். அதான் போறேன்" என்றாள் அத்தை, சிரித்துக்கொண்டே.

இது ஒரு பதிலா? வீடு திரும்புகிற வழியெல்லாம் யோசித்தேன். கடைசியில் எனக்கே விடை கிடைத்துவிட்டது. மறுநாள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு அத்தை எங்கே என்று கேட்டபோது, நிமிர்ந்து நின்று சொன்னேன்: "மெட்ராஸுக்குப் போயிருக்கா. அந்த ஆளுக்குச் சரியான ராகம் சொல்லிக்கொடுக்க."