சேலைக்குள் சுருண்ட தாள்

பட்டுக்குப் போடும் கஞ்சி வாசனைக்கு நடுவே அந்தப் புத்தகத்திலிருந்து மட்டும் புதுக் கோந்து வாசனை வந்தது. அறுபதுகளின் கடைசியில், சின்ன காஞ்சிபுரத்தில், எங்கள் வீட்டுக்குத் தபாலில் வந்த ஒரே புத்தகம் அதுதான். அனுப்பியவர் பெயர் இல்லாவிட்டாலும் மேலுறையில் இருந்தது சரோஜா அக்காவின் கையெழுத்து என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கம்பவுண்டர் ஒருவரைக் கட்டிக்கொண்டு, "வேதத்தில் சேர்ந்து", அதாவது கிறிஸ்தவளாகி, அக்கா வீட்டைவிட்டுப் போய் ஒரு வருடமாகியிருந்தது. "அவ பேச்சை எடுத்தீங்கன்னா நான் தறியில உக்கார மாட்டேன்" என்று அப்பா சொல்லியிருந்ததால் அவள் பெயரை நாங்கள் வாய்க்குள்ளேயே விழுங்கிக்கொண்டிருந்தோம்.

அது ஒரு கிறிஸ்தவக் காதல் கதை. காதலித்தவனோடு போய்விட்ட ரோஸலினை அவள் அப்பா மன்னிப்பாரா என்பதுதான் விஷயம். படிக்கத் தெரியாத அம்மா ஊடை நூலைத் "தார்" குச்சியில் சுற்றிக்கொண்டே கேட்க, பத்து வயதான நான் மத்தியானங்களில் உரக்கப் படிப்பேன். அப்பா காதில் விழாதவர் மாதிரி நெய்துகொண்டிருப்பார்.

நெய்த சேலை அப்பாவின் வயிற்றுக்கு நேரே ஒரு கட்டையில் சுருளும். சரிகை உரசாமலிருக்க இடையில் தாள் வைப்பது வழக்கம். ஒருநாள் "காகிதம் ஒண்ணு குடும்மா, சீக்கிரம்" என்று அவர் கேட்டபோது கைக்கு எதுவும் அகப்படவில்லை. புத்தகத்தின் கடைசித் தாளில் கதை இல்லை, வேறு புத்தகங்களின் பட்டியல்தான் இருந்தது. திருப்பிக்கூடப் பார்க்காமல் கிழித்துக் கொடுத்தேன். அவரும் பார்க்காமல் வைத்துச் சுருட்டினார்.

நாலாம் நாள் கதை முடிந்தது. மழையில் நின்ற மகளுக்கு ரோஸலினின் அப்பா கதவைத் திறந்துவிட்டார். அம்மா விசித்து விசித்து அழுதாள். தறிச் சத்தம் எப்போதோ நின்றிருந்தது. "அவ எந்த ஊர்ல இருக்குறான்னு தெரிஞ்சாத்தானே போய் கூட்டிக்கினு வரலாம்" என்றார் அப்பா, யாரையும் பார்க்காமல்.

நடுவில் பெருமாள் கோயில் கருட சேவை வந்தது. கோபுர வாசலிலேயே சேவித்துவிட்டு, ஊர்வலத்தோடு போகாமல் திரும்பினோம். அது முடிந்து எட்டு நாள் கழித்துச் சேலையை அறுத்துப் பிரித்தபோது அந்தத் தாள் விழுந்தது. பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்தது:

"அப்பா, கருட சேவை அன்னிக்கு கங்கைகொண்டான் மண்டபத்துக்கிட்ட நிப்பேன். மன்னிச்சிட்டா வாங்க. வரலைன்னா அவரோட வடக்கே போயிடறேன். அப்புறம் தொந்தரவு பண்ண மாட்டேன்."

நான் அலறிவிட்டேன். அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "உம்மேல தப்பு இல்லம்மா. என் வயித்து மேலயே இருந்துக்கினு இருந்திருக்குது, எனக்குத் தெரியலயே" என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கருட சேவைக்கும் அந்த மண்டபத்தில் பெருமாளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜனங்களின் முகங்களையே பார்த்து நிற்பார். அக்கா வரவில்லை. கடிதமும் இல்லை.

இன்று அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. தாளில் பென்சில் எழுத்தும் அழிந்துவிட்டது. இந்த வருடமும் போய் நின்றேன். எழுபது தாண்டிய பெண்கள் எத்தனையோ பேர் என்னைக் கடந்து போனார்கள். அவர்களில் அக்கா இருந்திருந்தாலும் எனக்கு அடையாளம் தெரிந்திருக்காது.