மொட்டைத் தலையை மெசினுக்குத் தெரியேல்லை, முருகனுக்குத் தெரிஞ்சுது

என்ர வேலை பறிபோகப் பாத்தது களவெடுத்ததாலயோ, பிந்திப் போனதாலயோ இல்லை. முருகனுக்கு மொட்டை போட்டதால. இதைச் சொல்லேக்க இப்பவும் எனக்கு நெஞ்சு கொதிக்குது. கோபத்தோடதான் சொல்லப்போறன், அடியார்கள் பொறுத்துக்கொள்ளுங்கோ.

நான் பாரிசுக்குப் பக்கத்தில பொண்டியில இருக்கிறன். கனகாலமா பாரிசில ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில கிளீனிங் வேலை. முந்தி எங்களை மேய்க்க ஒரு ஷெஃப், அதுதான் மேலாள், இருந்தவர். விடியக் காலமை வாசலில நிண்டு, ஆளாளுக்கு பொன்ஜூர் சொல்லி, ஆர் வந்தது ஆர் வரேல்லை எண்டு குறிச்சுக்கொள்ளுவார். வீட்டில பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டால் அவருக்குத் தெரியும். திடீரெண்டு கொம்பனிக்காரர் அவரை நிப்பாட்டிப்போட்டு, எங்கட போனில ஒரு அப் ஏத்தித் தந்தாங்கள். அதுக்கு முகத்தைக் காட்டவேணும். பச்சை விழுந்தால் வேலை தொடங்கலாம். சிவப்பு விழுந்தால் நீ அண்டைக்கு வரேல்லை. நேரில நிண்டாலும் வரேல்லைதான்!

அதே கட்டடத்தில மேல இருந்து வேலை செய்யிற துரைமாருக்கு ஒரு கார்ட். அது வேலை செய்யாட்டி, கீழ வரவேற்பில இருக்கிற பிள்ளை சிரிச்சுக்கொண்டு கதவைத் திறந்துவிடும். அவையின்ர கக்கூசு கழுவுற எங்களுக்கு மட்டும் முகப் பரிசோதனை. அவைக்கு மனுசர், எங்களுக்கு மெசின். உது என்ன நியாயம்?

போன வருசம் என்ர மகளுக்கு இருதயத்தில ஒப்பரேசன். சின்னப் பிள்ளை. “முருகா, பிள்ளையை எனக்குத் திருப்பித் தா, முடியைத் தாறன்” எண்டு நேர்த்தி வைச்சனான். தந்தார். பிள்ளை நடந்து வீட்டுக்கு வந்தாள். அடுத்த ஞாயிறே எங்கட ஆக்களின்ர கடைத்தெரு லாச்சப்பலில ஒரு சலூனுக்குப் போய் இருந்தன். தலை, மீசை, கலியாணம் கட்டின நாளில இருந்து வளர்த்த தாடி, எல்லாம் வழிச்சாச்சு. கோயிலில கும்பிட்டு, மொட்டை நிறையச் சந்தனம் பூசிக்கொண்டு கார் து நோர் ஸ்டேசனில ரயில் ஏறேக்க, என்னைப்போல பாக்கியசாலி ஒருத்தரும் இல்லை எண்டு நினைச்சன்.

திங்கள் காலமை போனுக்கு முகத்தைக் காட்டினன். சிவப்பு. சந்தனத்தைக் கழுவிப்போட்டுக் காட்டினன். சிவப்பு. சிரிச்சுப் பாத்தன், முறைச்சுப் பாத்தன். கோதாரி விழுந்த மெசின், உன்னைத் தெரியாது எண்டே நிண்டுது. உதவி எண்டு போட்டிருந்த இடத்தை அமத்தினால் அங்கையும் மெசின்தான் பதில் எழுதுது, படத்தைத் தெளிவா எடுக்கட்டாம். நாள் முழுக்க முறிஞ்சு வேலை செய்தன். செய்தும் வரேல்லையாம்.

அந்தக் கிழமை முழுக்க இதே கதை. வியாழன் பின்னேரம் போனில ஒரு செய்தி. என்ர இடத்துக்கு வேற ஆளை வேலைக்கு அனுப்பியிருக்கிறனாம். நாளைக்குள்ள விளக்கம் தராட்டி வேலை இல்லையாம். என்ர இடத்துக்கு என்னையே நான் களவா அனுப்பியிருக்கிறன், பாருங்கோ! சரி, விளக்கத்தை ஆருக்குக் குடுக்கிறது? ஒரு பேர் இல்லை, ஒரு நம்பர் இல்லை. மனுசி பிள்ளையைப் பாக்கவெண்டு வேலையை விட்டு நிண்டவ. வீடு என்ர ஒரு சம்பளத்திலதான் ஓடுது.

அண்டைக்குச் சாமித்தட்டுக்கு முன்னால நிண்டு நான் கும்பிடேல்லை, சண்டை பிடிச்சன். “உனக்குத் தந்த முடிக்கு இதுதானோ நீ செய்யிற கைமாறு? பெரிசா ஒண்டும் கேக்கேல்லையடாப்பா. என்னைப் பாத்து, ஓம், இவன்தான் அவன் எண்டு சொல்ல ஒரே ஒரு மனுசரைக் காட்டு.” சொல்லிப்போட்டு அழுதுட்டன்.

மனுசி ஓடி வந்தா. “ஏனப்பா முருகனோட கத்துறியள்? பிள்ளையைத் தந்ததே அவர்தானே.”

“அவரோட கத்தாமல் ஆரோட கத்துறது? கொம்பனியில கத்தவும் ஒரு ஆள் இல்லை.”

வெள்ளிக்கிழமை காலமை வேலைக்குப் போனன். அமினாத்தா எண்டு மாலி நாட்டு மனுசி ஒருத்தி, என்னோட ஒரே மாடியில வேலை. திங்கள் காலமையே என்ர மொட்டையைப் பாத்து விழுந்து விழுந்து சிரிச்சவ. ஆனால் சிவப்பு விழுறதை வெக்கத்தில நான் அவவுக்குச் சொல்லேல்லை. அண்டைக்கு என்ர முகத்தைப் பாத்து, என்ன நடந்தது எண்டு கேட்டா. எல்லாத்தையும் கொட்டித் தீர்த்தன். கடவுளுக்கு முடி குடுத்ததுக்கு வேலை போகுதோ எண்டு அவவுக்கும் விசர் வந்திட்டுது. தன்ர போனை நிப்பாட்டி, காய்ஞ்ச வாளி ஒண்டுக்குள்ள போட்டா. “அப்ப என்ர முகத்தையும் அது பாக்கவேண்டாம்” எண்டா. பிறகு மற்ற ஆக்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டா. ஒவ்வொருத்தரா வந்து அதே வாளிக்குள்ள போனைப் போட்டிச்சினம். அப்பின்ர கணக்கில அண்டைக்கு அந்தக் கட்டடத்துக்கு ஒரு கிளீனரும் வரேல்லை. நாங்களோ வேலையைத் தொடாமல் வாசலில திரளா நிண்டம்.

மேல துரைமாருக்குக் குப்பைக்கூடை நிரம்பினதும் ரெலிபோன் பறந்திருக்கும். மத்தியானத்துக்கு முன்னம் கொம்பனியில இருந்து கோட்டுப் போட்ட ஒருத்தர் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். இவ்வளவு நாளும் எங்கை ஒளிச்சிருந்தவரோ! என்ர பேப்பரைப் பாத்தார், என்னைப் பாத்தார். “இவர்தானே” எண்டார். புதுசா ஒரு படம் எடுத்தார், பச்சை விழுந்தது. அவ்வளவுதான் அலுவல். இந்தக் கொஞ்ச நேர வேலைக்காகத்தானோ என்ர குடும்பத்தைப் பதற வைச்சியள்? மன்னிப்பு எண்டு ஒரு சொல்லும் அவர்ட வாயில வரேல்லை.

அமினாத்தா அவரை லேசில விடேல்லை. என்ர அந்தக் கிழமைச் சம்பளத்தையும், அடிச்சால் மனுசர் எடுக்கிற ஒரு நம்பரையும் வாங்கிப்போட்டுத்தான் வாளியைத் தொட்டா. பழைய ஷெஃப்பை மட்டும் திருப்பி எடுக்கேல்லை. அந்தாள் இன்னும் வேலை தேடித் திரியிறார். அதை நினைச்சால் எனக்கு ஆறுதே இல்லை.

ஆனாலும் முருகா, நன்றி. ஒரு மனுசரைக் காட்டு எண்டு கேட்டன், வாசல் நிறையக் காட்டினாய். முந்தி வேலைக்குப் போனால் என்ர பாட்டில துடைச்சுப்போட்டு வாறவன் நான். இப்ப தொழிற்சங்கக் கூட்டத்துக்குப் போறன். பிரெஞ்சு ஓடாத எங்கட சனத்துக்காக எழும்பிக் கதைக்கிறன்.

கடைக் கல்லாவில வேலை செய்து, மெசின் வந்ததால வேலை போய் வீட்டில நிக்கிறவையும் இதை வாசிப்பியள். முருகனட்டைச் சொல்லுங்கோ. கத்தியும் சொல்லலாம், அவர் கோவிக்கமாட்டார். ஆனால் என்னைப்போல வெக்கப்பட்டுக்கொண்டு மற்ற ஆக்களிட்டை மறைச்சு வைக்காதேங்கோ. அவர் எனக்கு அனுப்பின ஆள், அந்தக் கிழமை முழுக்க என்ர பக்கத்திலதான் நிலம் துடைச்சுக்கொண்டு நிண்டவ.