அக்கா ஏறிய தராசு

யூரியா பையின் உள்பக்கத்துக்கு ஒரு வாடை உண்டு. எவ்வளவு கழுவினாலும் போகாத அந்த வாடையோடு வியர்வையும் சேர்ந்து மூக்கில் ஏறினால் இன்றும் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். என் அக்கா விஜயா அந்தப் பையில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு, சட்டைக்குள் மாட்டிக்கொண்டு, உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் போகும் சாலையில் உச்சி வெயிலில் ஓடுவாள். பத்து வயதுச் சிறுமி நான், தண்ணீர் பாட்டிலோடு பின்னால் சைக்கிள் மிதிப்பேன். அந்தத் தண்ணீர் குடிக்க அல்ல, "நாக்க நனைக்க" மட்டும்.

அக்கா கிக் பாக்சிங் ஆடினாள், நாற்பத்தெட்டு கிலோ பிரிவில். அதற்கு மேல் கொஞ்சம் கூடினாலும் மேடையேற விடமாட்டார்கள் என்பதால், போட்டிக்கு ஒரு வாரம் முன்பே சோற்றை நிறுத்திவிடுவாள். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், நாங்கள் சாப்பிடும் நேரத்தில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். அவளை அடிக்கப் போகிறவர்களைவிட அந்தப் பட்டினிதான் என்னை மிகவும் பயமுறுத்தியது.

எடை பார்க்க எங்களுக்கு இருந்தது நைனா மூட்டை தூக்கிய நெல் மண்டியின் தராசு ஒன்றுதான். அந்த வருடம் அறுவடை தொடங்கியதும் நைனா அம்மாவிடம் குரலைத் தணித்துப் பேசியது என் காதில் விழுந்துவிட்டது. "மொதலாளி தராச கொறச்சி காட்ற மாரி வெச்சிக்கீறாரு. வெளிய தெரிஞ்சா என் வேல பூடும், வாயத் தொறக்காத." நான் கேட்டதைப் பார்த்துவிட்டு, எனக்கும் சேர்த்து வாயில் விரலை வைத்துக் காட்டினார்.

மாநிலப் போட்டிக்கு இரண்டு நாள் இருந்தது. நைனா லோடோடு போயிருந்தார். அக்கா மண்டித் தராசில் ஏறி நின்றாள். நாற்பத்தெட்டுக்கும் சற்றுக் கீழேயே காட்டியது. அக்கா சிரித்தாள், ஒரு வாரமாக நான் பார்க்காத சிரிப்பு. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சோறு போடச் சொல்லி, மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டாள். சொன்னால் நைனாவுக்கு வேலை போகும், அக்காவின் கையிலிருந்து சோறும் போகும் என்று நினைத்து, என் தட்டில் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

சென்னைக்கு அக்காவின் துணைக்கு என்னை அனுப்பினார்கள். அங்கே தராசு நாற்பத்தொன்பதரை காட்டியது. இரண்டு மணி நேரத்தில் இறக்கியாக வேண்டும் என்றார்கள். அக்கா யூரியா பையை மாட்டிக்கொண்டு மொட்டை மாடியில் கயிறு தாண்டினாள். எச்சிலைக்கூட விழுங்காமல் துண்டில் துப்பினாள். முதலில் வியர்வை கொட்டியது; பிறகு கொட்டவில்லை. கையைத் தொட்டால் அடுப்பு மேல் கை வைத்தது போலச் சுட்டது. அவள் செத்துவிடுவாள், நான்தான் கொன்றேன் என்று நினைத்து மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். "வாணாம் விஜயா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று அவளுக்குப் பயிற்சி கொடுத்த மாஸ்டர் கெஞ்சினார். அவள் கேட்கவில்லை, எடையை இறக்கிவிட்டு மேடையேறினாள்.

மூன்று சுற்றிலும் நான் பெஞ்சுக்கு அடியில் குனிந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். கைதட்டல் கேட்டுத் தலை நிமிர்ந்தபோது நடுவர் அவள் கையைத் தூக்கிப் பிடித்திருந்தார். இறங்கி வந்தவள் என்னை வெறித்துப் பார்த்து, "ஆட்ட கட்னியா?" என்று கேட்டாள். வீட்டு ஆட்டைக் கேட்கிறாள்; எங்கே இருக்கிறோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. குளுக்கோஸ் ஏற்றிய பிறகுதான் என் பெயரைச் சொன்னாள்.

அதற்குப் பிறகு இன்னும் மூன்று முறை மாநில சாம்பியன் ஆனாள் அக்கா. இப்போது செங்கல்பட்டில், கூண்டுக்குள் நடக்கும் எம்.எம்.ஏ. சண்டைக்குப் பெண்களைத் தயார் செய்கிறாள். மண்டி இருந்த இடம் கல் நட்ட மனைகளாகிவிட்டது, தராசு எந்தக் காயலான் கடைக்குப் போனதோ, நைனாவும் இல்லை. இனி யாருக்குப் பயப்பட வேண்டும் என்று, போன மாதம் அவள் வீட்டில் சாப்பிடும்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அக்கா நிமிரவில்லை. "அன்னிக்கே தெரியும். மீன் கொயம்ப வெச்சிக்கினு ஒரு வாயி துன்னாம நீ என்னையே பாத்துக்கினு இருந்தியே, அப்பவே தராசு பொய்னு தெரிஞ்சிபோச்சி" என்றாள். பிறகு குழம்பை என் பக்கம் நகர்த்தினாள்.

"இன்னா பண்றது, ரொம்ப பசிடி."