வியாகுலமேரி போட்ட மார்க்

நூல் மில்லில் வேலை கிடைத்து, மேல்பட்டாம்பாக்கத்து வாடகை வீட்டை விட்டு மில் குடியிருப்புக்கு வந்தபோது வியாகுலமேரிக்கு முப்பத்தொரு வயது. புருஷன் மரியலூர்து குடித்துவிட்டு அடித்த அடியில் இடது காது பாதி போயிருந்தது. பங்குச் சாமியார் புத்தி சொல்லிப் பார்த்தார். மாமியார் வேளாங்கண்ணிக்கு நடந்தே போய் வந்தாள். குடி நிற்கவில்லை. குடித்தால் வீடு பறிபோகும் என்று மில்லில் அவனிடம் எழுதி வாங்கினார்கள். மூன்றே மாதத்தில் நின்றது. அதற்குப் பிறகு மில்லைப் பற்றி யார் குறை சொன்னாலும் மேரி நின்று கேட்டதில்லை.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் வழியில் உள்ள நூல் மில் அது. முதலாளி காயத்ரி ஸ்காட்லாந்தில் படித்தவர். இருநூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே ஒரு பஞ்சாலை முதலாளி தன் தொழிலாளிகளுக்காக ஆற்றங்கரையில் கட்டிய கிராமத்தைப் பார்த்தவர், ஊர் திரும்பியதும் அதேபோல எண்பது வீடு கட்டினார். பள்ளிக்கூடம், மருந்தகம், நூலகம் எல்லாம் உண்டு. குடியிருப்புக்குள் யாரும் யாரிடமும் சாதி கேட்கக் கூடாது. ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் நாலு நிறம் பூசிய ஒரு மரக்கட்டை தொங்கும். நேற்று நன்றாக வேலை செய்தவருக்கு இன்று வெள்ளைப் பக்கம் தெரியும், மோசமாகச் செய்தவருக்குக் கறுப்பு. இதுவும் அந்தச் சீமை முதலாளியின் யோசனைதான். யாரும் யாரையும் திட்ட வேண்டியதில்லை என்பார் காயத்ரி.

மேரி குடியிருப்புக் கமிட்டியின் தலைவியானாள். சனிக்கிழமைதோறும் நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவாள். தரை, கக்கூஸ், பாத்திரம், பாய் எல்லாம் பார்த்துப் பத்துக்கு மார்க் போடுவாள். பக்கத்து வீட்டுக் கனிமொழிக்கு நாலு, மிஞ்சினால் ஐந்து.

"நைட் ஷிப்ட் முடிச்சுட்டு இப்பதாங்கா படுத்தேன். பாயை எப்ப சுருட்டறது?" என்பாள் கனிமொழி.

"ரூல்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்டி."

கனிமொழி கம்மாபுரத்துப் பெண். நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்த குடும்பம். பஞ்சைச் சிக்கெடுக்கும் பிரிவில் வேலை. போன வருஷம் சித்திரையில் அந்தப் பிரிவில் தூசு உறிஞ்சும் மெஷின் நின்றுபோனது. இரண்டு மாதமாகியும் சரி செய்யவில்லை. பெண்கள் இருமி இருமி வேலை பார்த்தார்கள். ஒருத்தி மெஷின் அருகிலேயே மயங்கி விழுந்தாள். மறுவாரம் காயத்ரியின் மேஜைக்கு ஒரு மனு வந்தது. யார் எழுதியது என்று தெரியாதபடி, இருபத்திரண்டு பேர் வட்டமாகக் கைநாட்டு வைத்திருந்தார்கள்.

காயத்ரி மேரியை அறைக்குக் கூப்பிட்டு, தன் கையாலேயே காபி ஊற்றிக் கொடுத்தார்.

"எனக்குக் கோபமே இல்ல மேரி. எழுதுனவங்க யாருன்னு தெரிஞ்சா, உக்கார வெச்சுப் பேசலாம். அவ்ளோதான்."

மேரி அதை நம்பினாள். தன் புருஷனைத் திருத்திய இடம் ஒருத்தியின் பேச்சையா கேட்காது என்று நினைத்தாள். பக்கத்து வீட்டில் மனு எழுதியதைப் பார்த்திருந்தவள், கனிமொழியின் பெயரைச் சொன்னாள்.

யாரும் உட்காரவைத்துப் பேசவில்லை. பத்தாம் நாள் கனிமொழிக்கு வேலை இல்லை என்று கடிதம் வந்தது. வேலை போனால் ஏழு நாளில் வீட்டையும் விட வேண்டும். கடிதத்தில் மனுவைப் பற்றி ஒரு வரி இல்லை. "குடியிருப்பு ஒழுங்கைத் தொடர்ந்து மீறியதால்" என்றுதான் இருந்தது. கூடவே சனிக்கிழமை நோட்டின் நகல் நாற்பது பக்கம். எல்லாம் மேரியின் கையெழுத்து.

சாமான் ஏற்றிய டாடா ஏஸ் கிளம்பும்போது கனிமொழி மேரியின் வாசலைத் திரும்பிப் பார்க்கவில்லை. மேரி கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் இந்தப் பாவத்தைச் சொன்னாள். அவர் மூன்று முறை அருள்நிறை மரியே ஜெபம் சொல்லச் சொன்னார். முப்பது சொன்னாள். மனசு ஆறவில்லை.

ஆவணியில் நூல் வாங்கும் கம்பெனியிலிருந்து வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள். வழக்கம்போல மேரி தன் கதையைச் சொல்ல வேண்டும். அவள் மகள் மேரி ஷாலினியையும் சிதம்பரத்துக் கல்லூரியிலிருந்து வரவழைத்திருந்தார்கள். அவளுக்கு மில்தான் ஃபீஸ் கட்டுகிறது. மில் அதிகாரி கார்த்திகேசன் இங்கிலீஷில் மொழிபெயர்த்தார்.

குடி நின்ற கதையைச் சொல்லிவிட்டு மேரி நிறுத்தவில்லை. "இதே ஊர்ல கனிமொழின்னு ஒரு பொண்ணு இருந்துச்சுங்க. தூசுல மூச்சு முட்டுதுன்னு எழுதுனதுக்கு வீட்ட விட்டே வெரட்டிட்டாங்க. காட்டிக் குடுத்தது நான். அந்த மெஷின் இன்னும் ஓடலைங்க. இப்பவே போயிப் பாருங்க" என்றாள்.

கார்த்திகேசன் முகம் மாறாமல் மொழிபெயர்த்தார். வெளிநாட்டுக்காரர்கள் கை தட்டினார்கள். ஒரு அம்மா எழுந்து வந்து மேரியைக் கட்டிக்கொண்டாள். இவர்களாவது கேட்டார்களே என்று மேரி அழுதாள்.

வீட்டுக்கு வந்ததும் ஷாலினி மெதுவாகச் சொன்னாள்.

"அம்மா, நீ சொன்னத அவரு சொல்லவேல்ல. கனிமொழின்னு ஒரு பொண்ணுக்கு நீதான் ஒழுக்கம் கத்துக் குடுத்த, அவ இப்ப நல்லா இருக்கான்னு சொன்னாரு."

"நீ அங்கதான இருந்த? உனக்குதான் இங்கிலீஷ் வருமே?"

ஷாலினி தரையைப் பார்த்தாள். "எனக்குப் படிப்பு முடிய இன்னும் ஆறு மாசம் இருக்கும்மா."

மகளைத் திட்ட மேரிக்கு வாய் வரவில்லை. அவளைப் படிக்கவைத்ததும் அந்த மில்தான்; வாயை மூடவைத்ததும் அதுதான்.

மறுநாள் மேரியை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. பேசியதற்குத் தண்டனைகூட இல்லை. அதுதான் அவளுக்கு மிகவும் வலித்தது. பேசாத மாதிரியே ஆகிவிட்டது. ஆறு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். ஷாலினியின் கடைசிப் பரீட்சை முடிந்த வாரம் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு, செம்மண்டலத்தில் ஒற்றை அறைக்கு வாடகைக்கு வந்தாள். இப்போது மளிகைக் கடையில் பருப்பு பொட்டலம் போடுகிறாள். மில் வீட்டை விட்ட இரண்டாம் வாரமே மரியலூர்து மறுபடி குடிக்க ஆரம்பித்தான்.

பங்குனியில் ஒருநாள் விசாரித்துக்கொண்டு சிதம்பரம் போனாள். கனிமொழி அங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவும் வேலையில் இருந்தாள். பின்கட்டில் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். இருமல் இன்னும் போகவில்லை.

"நானும் வெளிய வந்துட்டேன் கனி. எல்லாத்தையும் மில்லுக்கு வந்த வெளிநாட்டுக்காரங்க முன்னாடி சொன்னேன்."

"கேள்விப்பட்டேங்கா."

"என்னை மன்னிச்சிடு."

கனிமொழி கையைக் கழுவி, புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"உங்க மேல கோவம்லாம் ஒண்ணும் இல்லக்கா. ஆனா உக்காருங்கன்னு சொல்ல மனசு வரல. அஞ்சு மணிக்குள்ள நூறு அண்டா தேய்ச்சாவணும். நீங்க கெளம்புங்க."

மேரி கிளம்பினாள். கடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வழியில் மில் வாசல் வந்தபோது, அவளோடு வேலை பார்த்த, அந்த மனுவில் கைநாட்டு வைத்த இருவர் ஏறினார்கள். அவளைப் பார்த்ததும், பக்கத்தில் இடம் காலியாக இருந்தும், பின்பக்கம் போய் நின்றுகொண்டார்கள்.