மூன்றுக்கு மேல் தராதவர்

இணையதளத்தின் மூலையில் 'உதவி வேண்டுமா?' என்று ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்க்குமே, அதற்குள் உட்கார்ந்து பதில் தட்டுவதுதான் என் பிழைப்பு. தில்லிக்காரர்களுக்கு இட்லி அரிசி, அப்பளம், காபிப் பொடி விற்கும் தளம் அது. தமிழ்ப் பெட்டிக்கு நான் ஒருத்திதான். பேச்சு முடிந்ததும் வாடிக்கையாளர் ஐந்துக்கு இத்தனை என்று நட்சத்திரம் போடுவார். அதை நாங்கள் கேட்டு வாங்கக் கூடாது. சராசரி நாலு வந்தால்தான் வேலை நிரந்தரம். வராவிட்டால் முனிர்காவில் எடுத்திருக்கும் வாடகை அறையைக் காலி செய்துவிட்டு ஊருக்கு ரயிலேற வேண்டியதுதான். பெட்டிக்கு வெளியே பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்கும் வாசகர்களே, உள்ளே இருப்பவளின் பல்லும் தேய்ந்துதான் போயிருக்கிறது.

காலையில் என்ன டிபன்?

வேலைக்குச் சேர்ந்த புதிது. ஓர் அம்மாள் வந்தார். 'வணக்கம், நான் செல்வி' என்றேன். 'நீ மனுஷியா, மெஷினா?' என்றார். மனுஷிதான் என்றேன். 'மெஷினும் அப்படித்தான் சொல்லும். காலையில என்ன டிபன்?' என்று மடக்கினார். 'உப்புமா' என்று உண்மையைத் தட்டினேன். அவர் தட்டுவதைக் காட்டும் மூன்று புள்ளிகள் துள்ளின. பிறகு தீர்ப்பு வந்தது.

"சரி, மனுஷிதான். மெஷினா இருந்தா நெய் ரோஸ்ட்னு அளந்திருக்கும்."

முதல் ரேங்க்

மயூர் விஹார் மாமி ஒருவருக்கு அப்பளம் நொறுங்கிப் போய்ச் சேர்ந்துவிட்டது. வேறு கட்டு அனுப்பிச் சமாதானம் செய்தேன். 'நீ நன்னா இருக்கணும்' என்று வாழ்த்திவிட்டு, ஒரே ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போனார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த முறை புளி வாங்க வந்தவர், 'உனக்கு ஒண்ணு போட்டேனே, பார்த்தியா?' என்று பெருமையாகக் கேட்டார். அவரே பேச்சை எடுத்த தைரியத்தில், ஏன் மாமி ஒன்று என்றேன்.

"பின்னே? ஒண்ணுதானே ஃபர்ஸ்ட் ரேங்க்! அஞ்சாவது ரேங்க் வாங்கிண்டு வந்தா என் பொண்ணோடயே நான் முகம் கொடுத்துப் பேச மாட்டேனே!"

பொருள்: காபிப் பொடி தொடர்பாக

கோல் மார்க்கெட்டில் மகனோடு இருக்கும் ராமநாதன் சார், மத்திய அரசு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பெட்டிக்குள்ளும் கோப்பில் எழுதுவதுபோல்தான் எழுதுவார். 'பொருள்: காபிப் பொடி தொடர்பாக' என்று தொடங்கி, பத்தி ஒன்றை அவர் யோசித்து முடிப்பதற்குள், பேச்சு மூச்சு இல்லை என்று பெட்டி தானாக மூடிக்கொள்ளும். 'நினைவூட்டல்' என்று தலைப்பிட்டு மறுபடி வருவார். மறுபடி பத்தி ஒன்று. கடைசியில் நானே குறுக்கே புகுந்து, 'சிக்கரி கலக்காதது, அரை கிலோவா சார்?' என்றேன்.

"அப்ரூவ்டு. ஆனால் நான் இன்னும் பத்தி இரண்டுக்கே வரவில்லை."

கடைசி நாள்

என் பயிற்சிக் காலம் முடியும் நாள். சராசரி நாலுக்கு மயிரிழை கீழே நின்றது. எங்கள் குழுத் தலைவி நேஹாவுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, இன்னும் ஒருவர் ஐந்து போட்டால் போதும் என்று இந்தியில் தைரியம் சொன்னாள். வந்தவர் ராமநாதன் சார். காபிப் பொடியின் மணத்துக்கு ஒரு பத்தி, என் பொறுமைக்கு ஒரு பத்தி என்று பாராட்டித் தள்ளிவிட்டு மூன்று நட்சத்திரம் போட்டார்.

எனக்கு வந்ததே கோபம்! விதியாவது ஒன்றாவது. 'என்ன சார் குறை?' என்று தட்டிவிட்டேன். 'குறை எதுவுமில்லை. என் சர்வீசில் யாருக்கும் மூன்றுக்கு மேல் போட்டதில்லை. போட்டால் தலைக்கனம் வந்துவிடும். என் மகனுக்கு இரண்டுதான்' என்று பதில் வந்தது.

இடிந்துபோய் அதை அப்படியே நேஹாவுக்கு இந்தியில் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணைத் துடைத்தபடியே என் பெயருக்கு எதிரில் 'நிரந்தரம்' என்று பதிந்தாள். இந்தியில் விளக்கமும் சொன்னாள்.

"அரே, எங்க பப்பாவும் சர்க்காரி ஆபீசர்தான். நான் வேலையில சேர்ந்த அன்னிக்கு 'டீக் ஹை', பரவாயில்லைன்னார், அவ்வளவுதான். இவர் போட்ட மூணு, நம்ம கணக்குல ஆறு. மேலே நான் பேசிக்கிறேன், நீ அடுத்த ஆளைப் பாரு, ஜல்தி!"

இப்போதெல்லாம் யாராவது ஐந்து நட்சத்திரம் போட்டால், இவருக்கு என்மேல் அவ்வளவாக அக்கறை இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறேன்.