அந்த மேஜையில் டீயே நிற்காது

இரண்டு வருடங்களுக்கு முன், மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை. இடம், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கும் சின்னப் பட்டறை. தண்ணீர் பம்புகளுக்குப் போகும் பித்தளைப் பாகங்களைக் கடைந்து கொடுக்கிற இடம். முதலாளியையும் சேர்த்துப் பதினோரு பேர். இன்ஜினியரிங் முடித்து நான் அங்கே சேர்ந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. மெஷின்களுக்கு புரோகிராம் எழுதுவது என் வேலை. கம்ப்யூட்டரைக் கட்டி மேய்ப்பது யாரும் கொடுக்காமல் நானே இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை.

எனக்கு ஹார்ட் டிஸ்க் பைத்தியம் உண்டு. சிலருக்கு பைக், சிலருக்கு கிரிக்கெட், எனக்கு இது. எந்தக் கம்பெனி டிஸ்க் எத்தனை வருடம் உழைக்கும், எதில் எது முதலில் போகும் என்று இணையத்தில் தேடித் தேடிப் படிப்பேன். ஆவடியிலிருந்து அம்பத்தூர் வரை ரயிலில் நண்பர்களுடன் இதே சண்டைதான். அண்ணனூர் வருவதற்குள் ஒருவன் காதில் இயர்போனை மாட்டிக்கொள்வான்.

பட்டறைக்கு முதல் டிஸ்க்கை நான்தான் தேர்ந்தெடுத்தேன். பெயர் வேண்டாம், முதல் கம்பெனி என்றே வைத்துக்கொள்வோம். நான்கே மாதத்தில் அது கண்ணை மூடிவிட்டது. நல்லவேளை, அப்போது அதில் பெரிதாக எதுவும் இல்லை. கம்பெனியைத் திட்டி இணையத்தில் ஒரு பக்கத்துக்கு எழுதினேன். அடுத்து இரண்டாம் கம்பெனி. மூன்றாவது மாதம் அதுவும் திக்கித் திணற ஆரம்பித்தது. வாங்கின கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் அங்கேயே மாட்டிப் பார்த்துவிட்டு, “நல்லாத்தானே சார் ஓடுது?” என்றார். எனக்கு ஏறிவிட்டது. வாரண்டி கொடுக்க மனமில்லாமல் நடிக்கிறார் என்று நினைத்து, நாலு பேர் நிற்கும்போதே அதைச் சொல்லியும் விட்டேன். பாவம் மனுஷர், சண்டை வேண்டாமென்று மூன்றாம் கம்பெனி டிஸ்க்கைக் கொடுத்து, காப்பி எடுத்துக்கொண்டு பழையதைத் திங்கட்கிழமை தரச் சொன்னார்.

உள்ளே தகடு எதுவும் சுற்றாத எஸ்.எஸ்.டி. டிஸ்க்காக வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்களிடம் பாகம் வாங்குகிறவர்கள், ஒவ்வொரு லாட்டுக்கும் அளவுகளோடு படமும் வீடியோவும் எடுத்து வைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அத்தனைக்கும் இடம் இருக்கிற எஸ்.எஸ்.டி.யின் விலையைச் சொன்னபோது முதலாளி என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டாவதாக ஒரு டிஸ்க் வாங்கி காப்பி எடுத்து வைக்கலாமா என்று அவரேதான் கேட்டார். “இந்தக் கம்பெனிக்கு அதெல்லாம் தேவையே இல்ல சார்” என்று சொன்னவன் நான்.

படமும் அளவும் எடுத்து ஏற்றுவது செக்கிங் அக்காவின் வேலை. நெமிலிச்சேரியிலிருந்து ரயிலில் வருவார். முப்பத்தைந்து வயதிருக்கும். இதற்கு முன் அவர் இருந்த பட்டறையில் ஒருமுறை பார்வையிட வந்தவர்களுக்குத் திருப்தியாகவில்லை. ஆர்டர் போயிற்று, செக்கிங்கையே எடுத்துவிட்டார்கள், எட்டு மாதம் வீட்டில் இருந்தாராம். எங்களிடம் பாகம் வாங்குகிறவர்களும் வெள்ளிக்கிழமை காலையில் பார்வையிட வருவதாக இருந்தார்கள். மூன்று மாத ரிப்போர்ட்டைத் திறந்து காட்ட வேண்டும். சரியாக இருந்தால் அடுத்த ஒரு வருடத்துக்கு ஆர்டர், அக்காவுக்கும் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் இரண்டும் இல்லை. அக்கா ஒரு மாதமாக விரலில் நாள் எண்ணிக்கொண்டிருந்தார்.

அதற்கு முந்தின நாள்தான் அந்த வியாழக்கிழமை. காலையில் வந்து ரிப்போர்ட் இருக்கும் ஃபோல்டரைத் திறந்தேன். திறக்கவில்லை. திரை அப்படியே உறைந்து நின்றது. டிஸ்க்குக்குள்ளிருந்து, ஆணியால் தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி ஒரு சத்தம்.

டிஸ்க்குகளைப் பற்றி எனக்குத் தெரிந்த அத்தனையும் அப்போது எனக்கு எதிராகவே திரும்பியது. இந்த நிலைமையில் கம்ப்யூட்டரை அணைக்கக் கூடாது, அணைத்தால் மறுபடி சுற்றுமோ சுற்றாதோ. தகவலை மீட்டுக் கொடுக்கும் இடங்களுக்கு போன் போட்டேன். ஒரு வாரம் ஆகும் என்றார்கள். என் சொந்த டிஸ்க் பையில் இருந்தது. அதைச் செருகி, முடிந்தவரை காப்பி எடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். எவ்வளவு ஏறியது என்று திரையில் காட்டும் பச்சைக் கோடு அசையவே இல்லை.

முதலாளி பின்னால் வந்து நின்றார். திட்டவில்லை. “மூணாவது கம்பெனியுமா தம்பி?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார். திட்டியிருக்கலாம்.

அக்கா அளவெடுக்கும் காலிப்பரைக் கையில் வைத்துக்கொண்டு தன் இடத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். பாகம் எதுவும் அளக்கவில்லை.

ஒரு மணிக்கு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நான் போகவில்லை. காப்பி எடுக்கிற மென்பொருளில் ஏதோ ஒரு செட்டிங்கை மாற்றினேன். கோடு நகர்ந்தது. ஐந்து, பத்து, இருபது. என்னை நானே மெச்சிக்கொண்டேன், உள்ளதைச் சொல்ல வேண்டுமில்லையா. முப்பத்திரண்டு சதவீதம் போனது. ஒன்றரை மணி ஆனது. நின்றது. மறுபடி அதே சுரண்டல்.

மூன்றாம் கம்பெனியைப் பற்றி என்னென்ன எழுதுவது என்று மனதுக்குள் வாக்கியம் கட்டிக்கொண்டிருந்தபோது அக்கா இரண்டு கிளாசில் டீ கொண்டு வந்தார். சாப்பிடாமல் இருக்கிறேனே என்று.

“இங்க வைங்கக்கா” என்று மேஜையைக் காட்டினேன்.

“இந்த டேபிள்லயா? வேணாம் தம்பி, கையிலயே புடிச்சிக்க. இதுல டீயே நிக்காது.”

“நிக்காதுன்னா?”

“அட, ஆடிகினே இருக்கும். அஞ்சு நிமிசத்துல பாதி கீழ போயிடும். நீ இங்க தூக்கிகினு வந்தப்பவே சொன்னேனே, அந்தச் செவுத்தாண்ட வேணாம், தடதடன்னு இருக்கும்னு. நீ எங்க கேட்ட?”

சொன்னார்தான். சேர்ந்த புதிதில், ஃபேன் காற்றும் இன்டர்நெட்டும் அந்தச் சுவரோரம்தான் நன்றாக வருகிறது என்று மேஜையை அங்கே மாற்றியவன் நான். அவர் சத்தத்தைப் பற்றிச் சொல்கிறார் என்று நினைத்தேன். பட்டறையில் சத்தத்துக்குப் பயந்தால் ஆகுமா என்று ஒரு பதிலும் சொன்னேன்.

டீ கிளாசை வாங்கி மேஜையில் வைத்துப் பார்த்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்துப் பட்டறையில் தகடு வெட்டுகிற பவர் பிரஸ் மெஷின் ஓங்கி இறங்கியது. டீயில் ஒரு வளையம். மறுபடி இறங்கியது. மறுபடி வளையம். ஒரு வருடமாக என் காதில் விழுந்தும் விழாமல் இருந்த சத்தம். ஒவ்வொரு அடியும் என் கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளும் இறங்குகிறது; அங்கே டிஸ்க்கின் தகடு, அதைப் படிக்கிற முனைக்குக் கீழே முடிகூட நுழையாத இடைவெளியில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

எல்லாம் ஒரே நொடியில் வரிசையாக நின்றது. கடையில் மாட்டினால் ஓடியது. இரண்டாம் டிஸ்க்கிலிருந்து மூன்றாவதற்கு ஞாயிற்றுக்கிழமை கோவில்பதாகையில் என் வீட்டில் வைத்துக் காப்பி எடுத்தபோது ஒரு தடங்கல் இல்லை. இன்று சாப்பாட்டு வேளையில் ஓடியது. பிரஸ்காரர்களும் அப்போதுதானே சாப்பிடுவார்கள். மூன்று கம்பெனிகளும் நல்ல கம்பெனிகள்தான். மேஜையை அங்கே வைத்தவன்தான் சரியில்லை.

“அக்கா, நான் இதோ வரேன். இதை யாரும் தொடாம பாத்துக்குங்க.”

பக்கத்துப் பட்டறைக்கு ஓடினேன். வாசல் வரைகூட நான் அதற்குமுன் போனதில்லை. பிரஸ்ஸை நடத்துகிறவர் பனியனோடு தகட்டு அடுக்குகளுக்கு நடுவே நின்றிருந்தார். தோளில் துண்டு, காதில் பென்சில்.

“அண்ணே, ஒரு மணி நேரம் பிரஸ்ஸை நிறுத்த முடியுமா?”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “இன்னா நைனா, சத்தம்னு கம்ப்ளெய்ன்ட் குடுக்க வந்துகீறியா?”

மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். டிஸ்க், அது சாயங்காலம்வரை தாங்காது என்பது, ரிப்போர்ட், நாளைக்கு வருகிறவர்கள், அக்கா. பாதி அவருக்குப் புரிந்திருக்காது. கடைசியில் டீயில் வளையம் வந்ததைச் சொன்னேன். அது புரிந்தது.

“எத்தினி நாளா கீற அந்தாண்ட?”

“ஒரு வருஷம் ஆகப்போகுதுண்ணே.”

“ஒரு வருசம். ஒரு செவுரு. ஒரு நாளு எட்டிப் பாத்து வணக்கம் வெச்சிருப்பியா? இப்ப ஓடியாற. முன்னமே சொல்லியிருந்தா ரப்பர் போட்டு உட்டிருப்பனே.”

அவரே உள்ளே திரும்பி, “ஏ, ஆஃப் பண்ணு” என்று குரல் கொடுத்தார். பிரஸ் ஓட்டுகிறவர், “அஞ்சு மணிக்கு வண்டி வந்துரும் அண்ணாத்தே” என்றார். “வந்தா நிக்கட்டும். அதுக்கு இன்னா, டயரு தேயுமா?”

பிரஸ் நின்றது. திரும்பி ஓடி வந்து பார்த்தால் கோடு நகர்ந்துகொண்டிருந்தது. முப்பத்தைந்து. முப்பத்தொன்பது. பின்னாலேயே அவரும் அவருடைய ஆட்கள் மூன்று பேரும் வந்துவிட்டார்கள். சும்மா இருக்கிற நேரத்தில் வேறென்ன செய்வார்கள். எங்கள் ஆட்களும் கூடிவிட்டார்கள். ஒரு கம்ப்யூட்டரைச் சுற்றி பதினைந்து பேர்.

“எவ்ளோ கீது இப்ப?”

“அம்பத்தாறு.”

“இன்னாத்துக்கு இப்டி ஊர்ந்துகினு போவுது, மாட்டு வண்டி கணக்கா?”

எழுபதைத் தாண்டியதும் பேச்சு குறைந்தது. எண்பத்தெட்டில் கோடு நின்றது. அக்கா கையிலிருந்த காலிப்பரைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தார். யாரோ ஒருவர் தண்ணீர் குடிக்க நகர்ந்தார். பிரஸ்காரர் திரும்பாமலே, “நடக்காதடா, டீ ஆடும்” என்றார். அந்த ஆள் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றுவிட்டார். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு முடிவதற்குள் கோடு மறுபடி நகர்ந்தது.

நூறு ஆனதும் எந்த மாதத்து ஃபைல் என்று நான் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒன்றைத் திறந்தேன். பித்தளை வளையம் ஒன்று, பக்கத்தில் அக்காவின் கட்டைவிரல் நகம், கீழே அளவுகள். “ஐயோ, என் நகத்தைப் பாரு” என்றார் அக்கா. அவ்வளவுதான் சொன்னார். முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போய் பாகம் அளக்க உட்கார்ந்துவிட்டார்.

“ஓட்டலாமா?” என்று கேட்டார் பிரஸ்காரர். தலையாட்டினேன். நன்றி என்று சொல்ல ஆரம்பித்தேன். “அத்த வுடு. நாளைக்கு வந்து வணக்கம் வை” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று அவர்கள் விட்ட நேரத்தைப் பிடிக்க ஏழு மணி வரை ஓட்டினார்கள். வண்டி நின்றுதான் போனது.

மறுநாள் வந்தவர்கள் ரிப்போர்ட்டுகளைப் பத்து நிமிடம் பார்த்தார்கள். அக்காவிடம் அரை மணி நேரம் பேசினார்கள். ஆர்டர் வந்தது. அடுத்த மாதம் அக்காவின் வேலையும் நிரந்தரமானது. நெமிலிச்சேரி கடையிலிருந்து அவர் வாங்கி வந்த பால்கோவாவில் முதல் துண்டு சுவருக்கு அந்தப் பக்கம்தான் போனது.

நான் செய்ய வேண்டியதும் சில இருந்தன. மேஜையை எதிர்ச் சுவருக்கு மாற்றினேன். இதைச் சொல்லப் போனபோது பிரஸ்காரர் தடித்த ரப்பர் துண்டுகள் நாலை வெட்டி, மேஜைக் கால்களுக்கு அடியில் தானே வந்து வைத்துவிட்டார். முதல் கம்பெனியைப் பற்றி இணையத்தில் எழுதியிருந்ததை அழித்தேன். கடைக்காரரிடம் போய், நாலு பேர் இருக்கிற நேரமாகப் பார்த்து, தப்பு என்னுடையது என்று சொன்னேன். “நான்தான் அன்னைக்கே சொன்னேனே சார்” என்று அவரும் சொன்னார். எல்லோரும் எனக்கு அன்றைக்கே சொல்லியிருக்கிறார்கள். இப்போது ஒரே தகவல் இரண்டு டிஸ்க்கில், இரண்டு ஊரில் இருக்கிறது. ஒன்று பட்டறையில், ஒன்று முதலாளி வீட்டில்.

ரயில் சண்டை மட்டும் நிற்கவில்லை. எந்தக் கம்பெனி டிஸ்க் நல்லது என்று நண்பர்கள் இன்னும் கேட்கிறார்கள். எங்கே வைக்கப் போகிறாய், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று நான் திருப்பிக் கேட்கிறேன். பைத்தியம் முற்றிவிட்டது என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். புதிதாக எந்த இடத்தில் யாருக்குக் கம்ப்யூட்டர் வைத்துக் கொடுக்கப் போனாலும் இப்போதெல்லாம் நான் முதலில் பக்கத்துச் சுவர்க்காரருக்கு ஒரு வணக்கம் வைக்கிறேன், அப்புறம் மேஜையில் ஒரு கிளாஸ் டீயை வைத்து அது அசையாமல் நிற்கிறதா என்று பார்க்கிறேன், அதற்குப் பிறகுதான் கம்ப்யூட்டர் பெட்டியையே திறக்கிறேன்.