பிளாங்க் பாட்டிலில் வஞ்சிரம்

யக்ஞநாராயணன் சாரைப் பற்றி எழுதப்போகிறேன் என்று அவரிடமே சொன்னேன். "எழுது. ஆனா என்னை நல்லவனாக்கிடாதே" என்றார்.

இது நடந்தபோது அவருக்கு நாற்பத்தாறு வயது. மேற்குத் தாம்பரத்தில் சின்ன ஃபிளாட், மனைவி திரிபுரசுந்தரி, பெங்களூரில் படிக்கும் ஒரு மகள். விலங்கியல் பட்டம் வாங்கிய கையோடு குரோம்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் சேர்ந்து இருபத்து நான்கு வருடம் அங்கேயே இருந்தார். அதை மூடிவிட்டார்கள். அதன் பிறகுதான் சேலையூரில் ஒரு வீட்டு மாடியில் இயங்கும் எங்கள் ஆய்வு மையத்துக்கு டெக்னீஷியனாக வந்தார். நெற்றியில் விபூதி, சட்டைப் பையில் இரண்டு பேனா. ஒரு சொட்டு சிந்தாமல் வேலை செய்வார். அவர் கை பட்ட சாம்பிள் என்றால் எங்களுக்கு அதற்குமேல் கேள்வி கிடையாது.

அடையாற்றில் என்னென்ன உயிர்கள் மிச்சமிருக்கின்றன என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. வலை போடுவதில்லை, கேமரா வைப்பதில்லை. நீரில் வாழும் எதுவும், நீர் குடிக்க வரும் எதுவும், செதிலோ கோழையோ எச்சமோ கொஞ்சம் விட்டுவிட்டுத்தான் போகும். அதில் அதன் டிஎன்ஏ இருக்கும். ஒரு லிட்டர் ஆற்றுத் தண்ணீரை மெல்லிய வடிதாள் வழியாக இறக்கினால் அது தாளில் தங்கிவிடும். அதைப் பிரித்து மெஷினில் கொடுத்தால் பட்டியல் வரும். கெளுத்தி, ஜிலேபிக் கெண்டை, கொக்கு, எருமை, நாய், எல்லாவற்றுக்கும் மேலே மனிதன். பட்டியலைக் கம்ப்யூட்டரில் படிப்பது நான். தண்ணீர் எடுப்பதும் வடிப்பதும் யக்ஞன் சாரும் ஏஞ்சலும்.

ஏஞ்சல் முடிச்சூர்ப் பக்கம். இருபத்து நான்கு வயது. ஒப்பந்தத்தில் சேர்ந்த லேப் அசிஸ்டென்ட். மதியம் அவள் டப்பாவைத் திறந்தால் பெரும்பாலும் மீன் குழம்புதான். யாரும் ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் அவள் தானாகவே ஜன்னலோரத்து மேஜைக்குப் போய்விடுவாள். நாங்களும் வேண்டாம், இங்கேயே உட்கார் என்று சொன்னதில்லை.

இரண்டு வாரத்துக்கு ஒரு புதன்கிழமை அவர்கள் இருவரும் திருநீர்மலைக்குக் கீழே ஆற்றில் தண்ணீர் எடுக்கப் போவார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு பாட்டிலில் சுத்தமான காய்ச்சி வடித்த தண்ணீரையும் கொண்டுபோக வேண்டும். ஆற்றங்கரையில் அதைத் திறந்து, அதே கையால், அதே முறையில் வடிக்க வேண்டும். அதற்குப் பிளாங்க் என்று பெயர். அதில் எதுவும் வரக்கூடாது. வந்தால் அது ஆற்றிலிருந்து வந்ததல்ல, நம்மிடமிருந்து வந்தது.

போன வருடம் ஈஸ்டர் முடிந்த வாரத்தில் மூன்று புதன்கிழமைகளின் முடிவும் ஒன்றாக வந்தது. முதலில் எனக்குத் துள்ளலாக இருந்தது. இரண்டு சாம்பிளில் விலாங்கு இருந்தது. கடலுக்கும் ஆற்றுக்கும் போய்வரும் மீன் அது. இத்தனை சாக்கடையையும் தாண்டி திருநீர்மலை வரை அது ஏறி வந்திருக்கிறது என்றால் பெரிய செய்தி. அடுத்த வரியில் வஞ்சிரம் என்று இருந்தது. கடல் மீன் ஆற்றில் வராது. ஆனால் வீட்டுக் கழிவுநீரில் கலந்து வரலாம், அதைப் பார்த்திருக்கிறோம். பிளாங்க்கைத் திறந்தேன். மூன்று பிளாங்க்கிலும் வஞ்சிரம்.

மையத்தின் தலைவர் ரோஹிணி மேடம் அன்றே எல்லோரையும் கூப்பிட்டார். கோபப்படவில்லை.

"யார் மேலயும் பழி போடல. பட், த்ரீ டைம்ஸ் பிளாங்க்ல வந்திருக்கு. இது யாரோ கையிலேர்ந்து போயிருக்கு. இந்த மூணு செட்டையும் தூக்கிப் போட வேண்டியதுதான். விலாங்கும் சேர்த்து."

அலமாரியில் ஏஞ்சலின் டப்பா இருந்தது. ஒருவர் பின் ஒருவராகத் திரும்பி அதைப் பார்த்தோம்.

ஏஞ்சலுக்குப் புரிந்துவிட்டது. "மேடம், அந்த மூணு நாளும் லெந்து நாள், எங்க தவக்காலம். சாம்பல் புதன்லேர்ந்து எங்க வீட்ல கவுச்சியே செய்யல. அம்மாவ வேணா கேளுங்க."

"வீட்ல செய்யலைன்னாலும், பை, டப்பா... கொஞ்சூண்டு ட்ரேஸ் போதும்மா."

"அப்போ எல்லார் கையையும் கேளுங்க மேடம். என்னை மட்டும் ஏன்?"

மறுநாள் ஆய்வகக் கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டது: பணியாளர்கள் மீன் உணவு கொண்டுவரக் கூடாது. அதைச் செலோடேப் போட்டு, கோணல் இல்லாமல் ஒட்டியது யக்ஞன் சார். ஏப்ரல் கடைசியில் ஏஞ்சலின் ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கவில்லை.

மே மாதச் சாம்பிளில் பிளாங்க் சுத்தமாக வந்தது. "பார்த்தீங்களா?" என்றார் மேடம். நானும் தலையாட்டினேன். யக்ஞன் சார் எழுந்து பாத்ரூமுக்குப் போனார். வெகுநேரம் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து மேடத்தின் அறைக்குள் போனார். கதவு திறந்தே இருந்ததால் எனக்குக் கேட்டது.

"அந்த வஞ்சிரம் நான்தான் மேடம்."

மேடம் சிரித்துவிட்டார். "சார், உங்களுக்கு ரொம்ப நல்ல மனசு. அந்தப் பொண்ணுக்காக இப்படிச் சொல்றீங்க. நீங்க முட்டைகூடத் தொட மாட்டீங்களே!"

அவர் மறுபடியும் சொன்னார். மேடம் நம்பவில்லை. வெளியே வந்தபோது அவருடைய நேர்மையை எங்கள் எல்லோரிடமும் புகழ்ந்தார். யக்ஞன் சார் முகம் அப்போது இருந்த இருப்பை நான் அதற்கு முன்பு எந்த மனிதரிடமும் பார்த்ததில்லை.

அடுத்த புதன்கிழமை, மேடத்தையும் என்னையும் வற்புறுத்தி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அனகாபுத்தூரில் ஒரு தெருமுனையில் நிறுத்தச் சொன்னார். அங்கே ஒரு தள்ளுவண்டி. எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னால் ஒரு அம்மாள் நின்றிருந்தார். ஞானம்மாள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். சாரைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இன்னா அய்ரே, எங்க போயிட்ட? ஒடம்பு கிடம்பு சரியில்லியா? ஒவ்வொரு வாட்டியும் நீ வருவேன்னு நடுத்துண்டு எட்த்து வச்சிகினு, அப்பால வேற ஆளுக்குக் குட்த்துகினு கீறேன். இவங்க யாரு, வூட்டுக்காரம்மாவா?"

"இல்லம்மா. ஆபீஸ்ல பெரியவங்க."

"உக்காரச் சொல்லு. சூடா போட்டுத் தரேன்."

மேடம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சார் ஒன்றையும் மறைக்காமல் அங்கேயே சொன்னார். மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை டிபன் எடுத்துவர மறந்துவிட்டார். ஏஞ்சல் உபவாசம் என்று வண்டியிலேயே உட்கார்ந்துவிட்டாள். டீ குடிக்கப் போகிறேன் என்று இவர் நடந்தபோது இந்த வாசனை வந்தது. ஒரு துண்டு வஞ்சிரம். அதற்கடுத்த இரண்டு புதன்களிலும் வேண்டுமென்றே டிபன் எடுத்துவரவில்லை. கையைக் கழுவிக்கொண்டுதான் ஆற்றுக்கு இறங்கினார். ஆனால் கையுறைப் பெட்டியில் விரலை விட்டு எடுத்தது அந்தக் கைதான். எண்ணெய் எத்தனை கழுவினாலும் நகக்கண்ணில் நிற்கும் என்பது ரத்தப் பரிசோதனை செய்த அவருக்குத் தெரியாததல்ல.

"முடிவு வந்த நிமிஷமே எனக்குத் தெரியும். அன்னியிலேர்ந்து இந்தப் பக்கம் வரல. அதனாலதான் மே மாசம் பிளாங்க் சுத்தமா வந்தது. அதுவே அந்தப் பொண்ணுக்கு எதிரா சாட்சியாயிடுத்து."

மேடம் போய் வண்டியில் ஏறினார்.

ஏஞ்சல் அப்போது கோவிலம்பாக்கத்தில் ஒரு பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள். சார் தனியாகத்தான் போனார். மற்ற நோயாளிகளோடு வரிசையில் உட்கார்ந்து, தன் முறை வந்ததும் உள்ளே போய்ச் சொல்லியிருக்கிறார். அவள் கேட்டுக்கொண்டே ஊசிகளை அடுக்கினாளாம்.

"நீங்க மீன் சாப்டதுல எனக்கு இன்னா சார் இருக்கு? நல்லா சாப்டுங்க. அன்னிக்கு எல்லாரும் என் டப்பாவப் பாத்தாங்க இல்ல, நீங்களும் பாத்தீங்க. பக்கத்துல உக்காந்துகினு திரும்பிப் பாத்தீங்க. தெரிஞ்சே பாத்திருக்கீங்க."

"ஆமாம்மா."

"இனிமே இங்க வராதீங்க சார். அடுத்த பேஷன்ட் வெயிட் பண்றாங்க."

மேடம் மன்னிப்புக் கேட்டு அவளுக்குக் கடிதம் எழுதினார், வேலையைத் திரும்பத் தருவதாகவும் சொன்னார். கடிதத்தை வாங்கிக்கொண்டாள். வேலைக்கு வரவில்லை.

வீட்டிலும் சார் சொன்னார். திரிபுரசுந்தரி நான்கு நாள் பேசவில்லை. பரிமாறுவாள், உள்ளே போய்விடுவாள். ஐந்தாம் நாள் காலையில் காபியை வைத்துவிட்டு நின்றாள். ஏஞ்சலைப் பற்றித்தான் கேட்கப்போகிறாள் என்று இவர் தயாராகிக்கொண்டார்.

"ருசியா இருந்துதா?" என்று கேட்டாள்.

இருந்தது என்று சொல்லவும் முடியவில்லை, இல்லை என்று சொல்லவும் முடியவில்லை என்றார் என்னிடம். காபி ஆறிப்போனதாம்.

ஜூலையில் அதே இடத்தில் மறுபடியும் தண்ணீர் எடுத்தோம். ஆகஸ்டிலும் எடுத்தோம். விலாங்கு வரவில்லை. இல்லை என்று ஆகிவிடாது, மழைக்கு மேலே ஏறிப்போயிருக்கலாம், அல்லது நாங்கள் எடுத்த லிட்டரில் அகப்படாமல் இருக்கலாம். மார்ச் மாதம் அது அங்கே இருந்ததா என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது. அறிக்கையில் அந்த மாதத்துக்கு நேரே 'தரவு இல்லை' என்று தட்டச்சு செய்தேன். சார் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

வேலையை விட்டு அவரை அனுப்பவில்லை. அவரே கேட்டு ஆற்றுப் பணியிலிருந்து விலகிக்கொண்டார். இப்போது பாட்டில் கழுவி, காயவைத்து, எண் எழுதுகிறார். கதவில் இருந்த தாளை மேடம் தன் கையால் கிழித்தார். அதன் பிறகும் யாரும் மீன் கொண்டுவருவதில்லை. ஜன்னலோர மேஜையில் புது பிரின்டரை வைத்துவிட்டோம்.

சில நாள் மதியம் நானும் அவரும் ஒன்றாகச் சாப்பிடுவோம். ஒருமுறை, "நீ ஏஞ்சல்கிட்ட பேசினியா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

அவர் தயிர்சாதத்தைப் பிசைந்தார்.